சேவலா, திசைகாட்டியா, சுயேச்சையா: தோட்டத்திலிருந்து பிரதேச சபைக்குப் போக எந்த வழி?

போன ஞாயிறு கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு தம்பிமார், ஒரு தங்கச்சி. ஒருவர் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மற்றவர் தோட்டத்திலேயே பெயர் பதிந்து வேலை செய்கிறார். தங்கச்சி முன்பள்ளி ஆசிரியை. தேத்தண்ணீர் ஆறும் வரை ஊர்க்கதை பேசிவிட்டு அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்கள்.

"அண்ணே, அடுத்த தடவை நாங்களும் சபைக்கு நிக்கலாம்னு இருக்கோம். பெரிய கட்சிக்காரங்க கூப்பிடுறாங்க. சங்கத்துத் தலைவர் நம்ம சேவல்லயே வாங்கங்கிறாரு. பொடியனுங்க தனியா நிப்போம்னு சொல்றானுங்க. எதுல நிக்கிறது?"

சபை என்றால் பிரதேச சபை, எங்கள் உள்ளூராட்சி மன்றம். சேவல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம், தலைப்பில் உள்ள திசைகாட்டி தேசிய மக்கள் சக்தியின் சின்னம். இதே கேள்வியை வேறு தோட்டங்களிலிருந்தும் பலர் கேட்டிருக்கிறார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் முடிந்தது, சபைகளுக்கு நான்கு வருடக் காலம், இப்பவே என்ன அவசரம் என்று தோன்றலாம். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் யோசிக்கத் தொடங்குகிறவர்களுக்குத் தெரிவு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. கூப்பிட்ட கட்சியில் போய் நிற்பார்கள், அவ்வளவுதான். அதனால் அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த ஆசனத்துக்கு இப்போது என்ன மதிப்பு?

பழைய ஆட்கள் "பிரதேச சபையால் தோட்டத்துக்கு என்ன புண்ணியம்?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க விடாமல் கையைக் கட்டி வைத்திருந்தது. நம்முடைய ஓட்டில் சபை அமையும். ஆனால் சபையின் தார் வீதி தோட்டத்தின் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் குழியும்தான். எங்கள் ஊரில் தெருவிளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு நடந்தால், எந்தக் கம்பத்தோடு கிராமம் முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டத்துக்குள்ளும் சபை செலவழிக்க வழி பிறந்தது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் எல்லைகளும் மாறின. அதற்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான சனத்தைக் கட்டிச் சுமந்தன. அவை ஆறாகப் பிரிக்கப்பட்டன. அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை அப்படி வந்த புதிய சபைகள்தாம். (இது யாருடைய சாதனை என்று மலையகக் கட்சிக்காரர்கள் இன்றுவரை மேடையில் அடிபடுகிறார்கள். அந்தச் சண்டை இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.)

ஆக, உறுப்பினர் இப்போது தோட்ட மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார், செலவழிக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் தோட்டக் காணி கம்பனியின் குத்தகையில் கிடப்பதால் நிர்வாகத்தோடு பேசித்தான் எதையும் செய்ய முடியும். துரையின் (தோட்ட முகாமையாளரின்) கடிதம் இல்லாமல் ஒரு கானுக்குச் சீமெந்து போடுவதுகூட இலேசில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேர்தல் முறையை விளங்காமல் கட்சியைத் தெரிவு செய்யாதீர்கள்

2018 பெப்ரவரியிலிருந்து கலப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. சபையின் 60 வீத ஆசனங்கள் வட்டாரங்களில் நேரடியாக வெல்பவர்களுக்கு, 40 வீதம் வாக்கு விகிதப்படி கட்சி, குழுக்களின் பட்டியலுக்கு. வாக்காளர் ஒரே ஒரு புள்ளடி போடுவார். விருப்பு வாக்கு கிடையாது. அந்தப் புள்ளடி இரண்டு தடவை கணக்கில் வருகிறது: முதலில் வட்டாரத்தை யார் வென்றார் என்று பார்க்க, அப்புறம் முழுச் சபையிலும் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று பார்க்க.

மூவருக்கும் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஓர் உதாரணம் எழுதிக் காட்டினேன். சபையில் 20 பேர் என்று வையுங்கள்: 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 20,000. அப்படியென்றால் ஓர் ஆசனத்தின் விலை 1,000 வாக்கு. பெரிய கட்சி 9,400 வாக்கு எடுத்து 8 வட்டாரம் வெல்கிறது. மலையகக் கட்சி 5,200 எடுத்து 4 வட்டாரம் வெல்கிறது. இன்னொரு கட்சி 3,500, சுயேச்சைக் குழு 1,900. இந்த இரண்டும் ஒரு வட்டாரத்தைக்கூட வெல்லவில்லை. முழு ஆயிரங்களுக்கு 18 ஆசனம் போகும், மிஞ்சும் இரண்டும் மீதி வாக்கு அதிகமுள்ள சுயேச்சைக்கும் மூன்றாம் கட்சிக்கும் போகும். முடிவில் பெரிய கட்சிக்கு 9, மலையகக் கட்சிக்கு 5, மூன்றாம் கட்சிக்கு 4, சுயேச்சைக்கு 2. எல்லா வட்டாரத்திலும் தோற்ற சுயேச்சைக் குழு இரண்டு பேரோடு சபைக்குள் உட்கார்ந்துவிடும்!

தங்கச்சி அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உரிய எண்ணிக்கையைவிட ஒரு கட்சி கூடுதலாக வட்டாரங்களை வென்றால் அவற்றைப் பறிக்க முடியாது, சபைதான் பெருக்கும். முன்பு நாடு முழுக்க ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை, 2018இல் 8,000ஐத் தாண்டியதற்குப் புதிய முறையும் இந்தப் பெருக்கமும் காரணம். அந்தத் தொகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற யோசனை 2022இலேயே வந்துவிட்டது. ஆகவே அடுத்த தேர்தலில் வட்டார எல்லை இன்றைக்கு இருப்பது போலவே இருக்கும் என்று நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

இனி, பட்டியல் ஆசனம் யாருக்கு? கட்சியென்றால் செயலாளர், சுயேச்சையென்றால் குழுத் தலைவர் பெயரைக் குறித்துக் கொடுப்பார். வட்டாரத்தில் தோற்றவரையும் போடலாம், பட்டியலில் இருப்பவரையும் போடலாம். உங்கள் வட்டாரத்தில் நீங்கள் 600 வாக்கு எடுத்துத் தோற்றிருந்தாலும், 80 வாக்கு எடுத்தவர் உறுப்பினராகலாம். சட்டத்தில் அதற்குத் தடையில்லை.

எதை வைத்து நிறுப்பது?

ஐந்து விஷயம் பார்க்கச் சொன்னேன். உங்கள் ஆசனம் யாருடைய கையெழுத்தில் தங்கியிருக்கிறது? உங்கள் வட்டாரத்தை உண்மையாகவே வெல்ல முடியுமா? கையிலிருந்து எவ்வளவு காசும் எத்தனை நாட்சம்பளமும் போகும்? உள்ளே போனபின் வேலை நடக்குமா? தோற்றால் தோட்டத்தில் தலைநிமிர்ந்து இருக்கலாமா?

இதில் முதலாவதைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். காரணம், உள்ளூராட்சித் தேர்தல் சட்டப்படி, கட்சியோ குழுவோ உங்களை உறுப்புரிமையிலிருந்து நீக்கினால் சபை ஆசனமும் போய்விடும். மக்கள் போட்ட ஓட்டு, ஆனால் கட்சி கொடுத்த கதிரை. சின்னத்தைத் தெரிவு செய்யும்போது கதிரையின் சொந்தக்காரரையும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறீர்கள்.

வழி ஒன்று: தேசியக் கட்சி

திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி), தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தி), யானை (ஐக்கிய தேசியக் கட்சி), மொட்டு (பொதுஜன பெரமுன) என்று எதுவாகவும் இருக்கலாம். 2025இல் தேசிய மக்கள் சக்தி 260க்கும் மேற்பட்ட சபைகளில் முதலிடம் பிடித்தது. அப்படி அலை அடிக்கும் வருடத்தில் அந்தச் சின்னத்தில் நிற்பவர் வட்டாரத்தில் அறிமுகமே இல்லாதவராக இருந்தாலும் வெல்லலாம். கட்டுப்பணத்தைப் பெரும்பாலும் கட்சி பார்த்துக்கொள்ளும், போஸ்டர் வரும், கூட்டத்துக்கு ஆள் வரும். வென்றபின் தவிசாளர் உங்கள் ஆளாகவும், மாவட்ட மட்டத்திலிருந்து நிதி வருவதற்கு வழி திறந்தும் இருக்கலாம். தோட்டப் பாதைக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் சபையின் சொந்த வருமானத்தில் ஒரு கிலோமீட்டர் கொங்கிரீட் போடுவதே பெரும்பாடு.

மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கட்சியின் உள்கூட்டம் சிங்களத்தில் நடக்கும். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருப்பார், ஆனால் முடிவெடுத்து முடிந்த பிறகுதான் உங்களுக்கு விளங்கும். லயம் (தோட்டத்து வரிசை வீடு), பெயர் பதிவு, முகவரி, கொழுந்து நிறுவை போன்றவை அங்கே "தேசியப் பிரச்சினையின் ஒரு பகுதி" ஆகிவிடும். தீர்மானம் ஒன்று உங்கள் தோட்டத்துக்குப் பாதகமாக வந்தாலும் கை உயர்த்தத்தான் வேண்டும். கை உயர்த்தாவிட்டால் மேலே சொன்ன கதிரைக் கதை.

எங்கே இது நல்ல தெரிவு? தமிழ் வாக்கு சிதறிக் கிடக்கும் இடங்களில். பதுளையில் ஹாலி-எல, கண்டியில் பன்வில, அப்புறம் மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி பக்கங்களில் ஒரு வட்டாரத்தில் இரண்டு டிவிசன் (தோட்டப் பிரிவு) ஆட்களும் சுற்றிவரக் கிராமமும் இருக்கும். அங்கே தனிச் சின்னத்தில் நின்றால் வட்டாரம் கிடைக்காது. கிராமத்தாரும் சேர்ந்து புள்ளடி போடும் சின்னத்தில் ஒரு தமிழ் வேட்பாளர் இருப்பதே மேல். சில இடங்களில் கலந்து வாழும் சனத்துக்காக ஒரே வட்டாரத்துக்கு இரண்டு, மூன்று உறுப்பினர் வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் கட்சி உங்கள் பெயரையும் போடுவதற்குப் பேரம் பேசும் பலம் உங்களுக்கு இருக்கிறது.

வழி இரண்டு: மலையகக் கட்சி

இங்கே கட்சியும் தொழிற்சங்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சேவலோடு நிற்கும். தமிழ் முற்போக்குக் கூட்டணிக்குள் தொழிலாளர் தேசிய சங்கமும் மலையக மக்கள் முன்னணியும் இருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர், மாதர் சங்கத் தலைவி, சந்தா கட்டும் ஆட்கள் என்று ஏற்கெனவே கட்டி வைத்த ஒரு வலை இருக்கிறது. வாக்குச்சாவடிக்கு ஆள் கூட்டி வர இதைவிடப் பெரிய இயந்திரம் மலையில் வேறு எவரிடமும் இல்லை. நிர்வாகத்தோடு பேசுவதற்கும் இதுவே வசதி. துரை பிரதேச சபை உறுப்பினரின் கடிதத்தைத் தள்ளி வைப்பார், சங்கத்தின் போனை எடுப்பார்.

நோர்வூட், மஸ்கெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை போன்ற, தோட்ட வாக்கு அடர்த்தியாக உள்ள சபைகளில் வட்டாரத்தை வெல்ல நேர்வழி இது.

சரி, செலவு? முதலாவது, வரிசை. உங்களுக்கு முன்னே இருபது வருடம் கொடி பிடித்தவர் நிற்கிறார். இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சட்டம் இடம் ஒதுக்கச் சொல்வதால் உங்களைச் சேர்ப்பார்கள். ஆனால் எந்த வட்டாரத்தில் போடுகிறார்கள் என்று பாருங்கள். வெல்லவே முடியாத வட்டாரத்தைக் கொடுத்துவிட்டு "பட்டியல்ல பாத்துக்கலாம்" என்பார்கள். நான் நேரில் கண்டது ஒன்று: ஒரு கட்சியில் பட்டியல் ஆசனம் கிடைத்த ஒருவரிடம், பதவி ஏற்கும் முன்பே திகதி போடாத இராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கடிதத்துக்குத் திகதி வந்தது. அவர் வீட்டுச் சுவரில் மாலையோடு எடுத்த படம் மட்டும் இன்றும் தொங்குகிறது.

இரண்டாவது, சின்னம். இது பலருக்கும் விளங்காத இடம். மலையகக் கட்சி எப்போதும் தன் சின்னத்தில் நிற்பதில்லை. 2020 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் மொட்டில் நின்றது, முற்போக்குக் கூட்டணி தொலைபேசியில் நின்றது. 2024இல் காங்கிரஸ் நுவரெலியாவில் யானைக்குப் போனது. உள்ளூராட்சியிலும் இப்படிச் சபைக்குச் சபை மாறலாம். சின்னம் எந்தக் கட்சியுடையதோ, பட்டியல் ஆசனத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் அந்தக் கட்சியின் செயலாளர். நீங்கள் சங்கத்துத் தலைவரை நம்பி நிற்பீர்கள், உங்கள் கதிரை கொழும்பில் நீங்கள் ஒருநாளும் பார்க்காத ஒருவர் கையில் இருக்கும். கூப்பிடுகிறவரிடம் "எங்கட சபைக்கு எந்தச் சின்னம்?" என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாவது, மற்றச் சங்கத்து ஆட்கள். ஒரே லயத்தில் ஆறு காம்பராவில் மூன்று சங்கம் இருக்கும். நீங்கள் ஒரு சங்கத்தின் வேட்பாளரானதும், நேற்றுவரை உங்களோடு கோயில் திருவிழாவுக்குச் சேர்ந்து வேலை செய்தவர்கள் ஒரு சாண் விலகி நிற்பார்கள்.

வழி மூன்று: சுயேச்சைக் குழு

சொல்லும்போது மிக அழகாக இருக்கும் வழி. செய்யப் போனால் முதலில் தடக்குவது தலைகளின் எண்ணிக்கை. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் நின்றுவிட முடியாது. சபையின் எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட்டு, பட்டியலுக்கும் ஆள் நிரப்பி, உறுப்பினர் தொகையைவிட மூன்று பேர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 20 பேர் சபைக்கு 23 பெயர். அதில் வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும், பட்டியல் வேட்பாளர்களில் பாதியும் பெண்களாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் முழு வேட்புமனுவுமே நிராகரிக்கப்படும்.

கட்டுப்பணம் கட்சிக்கு ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு 5,000 ரூபா. 23 பேருக்கு 1,15,000 ரூபா. 2024 செப்டம்பரில் அறிவித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் இது 85 நாள் பேர், அதாவது 85 நாள் வேலைக்கான கூலி. அதுவும் திரும்பி வரும் காலத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் மனு கொடுத்தவர்கள் மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்று நம்பினார்கள். திறைசேரி காசில்லை என்றது, தேர்தல் நின்றது. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. கடைசியில் 2025இல் அந்த மனுக்களை இரத்துச் செய்துவிட்டுப் புதிதாகக் கோரினார்கள். இரண்டு வருடம் காசு முடங்கிக் கிடந்தது. வேட்பாளராக நின்ற அரச ஊழியர்கள் சம்பளமில்லாத லீவில் தவித்தார்கள். கட்சி இதைத் தாங்கும். தோட்டத்தில் சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்த குழு தாங்குமா?

அப்புறம் கடதாசி வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் சுயேச்சைக் குழுக்கள் மண் கவ்வுவது வாக்கில் இல்லை, கடதாசியில். 2018க்கு முன் ஒரு குழுவுக்கு மனு நிரப்ப உதவப் போயிருந்தேன். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் போட்டோக்கொப்பிக் கடைக்காரர் காலை எட்டு மணிக்கே ஒரு பெட்டி கடதாசியை முடித்திருந்தார். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் இடாப்பில் வேறொரு எழுத்துக்கூட்டல். பிறந்தபோது தோட்டத்தில் எழுதிக் கொடுத்தவர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதியிருக்கிறார், அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார், மூன்றாமவர் தமிழுக்குக் கொண்டு வந்திருக்கிறார். மாரியாயி மரியாய் ஆகிவிட்டாள். சமாதான நீதவானைத் தேடி டவுனுக்கும் கச்சேரிக்கும் நடுவே இரண்டு தடவை ஓடினோம். மனு ஏற்கப்படும் வரை அந்த அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

2025 மார்ச்சில் நாடு முழுக்கப் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை உரிய முறையில் உறுதிப்படுத்தவில்லை என்பதே பலவற்றுக்குக் காரணம். நீதிமன்றம் வரை போய்ச் சில மனுக்களை மீட்டார்கள். சட்டத்தரணி வைத்துப் போக வசதியுள்ளவர்களுக்கு அது சரி.

சின்னமும் மனு கொடுக்கும் நாளில்தான் கைக்கு வரும். அதற்கு முன் போஸ்டர் அடிக்க முடியாது. 2025இல் மனு முடிந்தது மார்ச் 20, வாக்களிப்பு மே 6. நடுவில் 47 நாள். அதற்குள் சித்திரை வருடப் பிறப்பு வேறு. கண் மங்கிய பாட்டிக்குச் சேவலும் யானையும் கை தானாகப் போகும் இடங்கள். புதிதாக ஒரு சின்னத்தை அவர் மனதில் பதிய வைக்க லயம் லயமாக ஏறி இறங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நான் சுயேச்சையை ஒதுக்கவில்லை. கணக்கைத் திரும்பப் பாருங்கள்: ஒரு வட்டாரமும் வெல்லாமல் 1,900 வாக்கில் இரண்டு ஆசனம். பல சபைகளில் யாருக்கும் பாதி ஆசனம் கிடைப்பதில்லை. அப்போது முதல் கூட்டத்தில் வாக்கெடுத்துத்தான் தவிசாளரைத் தெரிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, அந்த இரண்டு பேரின் போன் ஓயாது. அந்த நேரத்தில் "எங்கள் மூன்று தோட்டத்துப் பாதை முதல் வருட வரவு செலவுத் திட்டத்தில் வர வேண்டும்" என்று எழுத்தில் கேட்கலாம். வேனும் போத்தலும் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே குழுத் தலைவர் யார் என்பதைக் கவனமாக முடிவு செய்யுங்கள். கட்சியில் செயலாளருக்கு உள்ள அதிகாரம் இங்கே அவரிடம் இருக்கும்.

வழி நான்கு: நிற்காமல் இருப்பது

இதை அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். பிரதேச சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்வையாளராகப் போய்ப் பார்க்கலாம். வரவு செலவுத் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, "எங்கள் வட்டாரத்துக்குக் கடந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்று கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். செலவு தபால் காசு. தோட்டத்தில் யாரும் விரோதியாக மாட்டார்கள்.

குறை என்னவென்றால், கேட்டுக்கொண்டே இருக்கலாம், தீர்மானத்துக்குக் கை உயர்த்த முடியாது. ஆனால் நிற்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. எந்த வேலை சபையுடையது, எது தோட்ட நிர்வாகத்துடையது, எது மாகாணத்துடையது என்று தெரியாமல் மேடை ஏறுகிறவர்கள்தான் அதிகம். மத்திய மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை என்பதால், அங்கே போக வேண்டிய முறைப்பாடுகளும் பாவம் இந்தப் பிரதேச சபை உறுப்பினரின் வாசலுக்குத்தான் வருகின்றன.

ஒரே பார்வையில்

| | தேசியக் கட்சி | மலையகக் கட்சி | சுயேச்சை | நிற்காமல் |
|---|---|---|---|---|
| கதிரை யார் கையில் | கட்சிச் செயலாளர் | சின்னத்துக்குரிய கட்சியின் செயலாளர் | குழுத் தலைவர் | கதிரையே இல்லை |
| வட்டாரம் வெல்ல | அலை இருந்தால் | தோட்ட வாக்கு அடர்ந்த இடத்தில் | மிகக் கடினம் | பொருந்தாது |
| பட்டியலில் வர | செயலாளர் மனம் வைத்தால் | வரிசையில் நின்றால் | ஓரிரு ஆசனத்துக்கு நல்ல வாய்ப்பு | பொருந்தாது |
| கைக்காசு | குறைவு | குறைவு, ஆனால் சாப்பாடு, வாகனம் உங்கள் தலையில் | ஒரு இலட்சத்துக்கு மேல் | தபால் காசு |
| நிர்வாகத்தோடு பேச | நடுத்தரம் | பலம் | பலவீனம் | தனி மனிதர் போல |
| தோற்றால் | பெரிய வடு இல்லை | சங்கத்துக்குள் மனஸ்தாபம் | கடன் | இழப்பில்லை |

அட்டவணையில் வராத ஒன்று: எந்த வழியில் நின்றாலும், முடிவு வந்து 21 நாட்களுக்குள் தேர்தல் செலவு விவரத்தை வேட்பாளர் கையளிக்க வேண்டும். 2023இல் வந்த சட்டம் இது. தோற்றவரும் கொடுக்க வேண்டும், ஒரு சதம் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். "கட்சி பாத்துக்கும்" என்று விட்டுவிட்டால் நீதிமன்ற அழைப்பு உங்கள் லயத்துக்குத்தான் வரும்.

மூவருக்கும் சொன்னது

அவர்களுடைய சபையில் தோட்ட வாக்கு அடர்த்தி. ஆனால் அவர்கள் வட்டாரத்தில் சங்கங்களின் ஆட்கள் இருவர் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறார்கள். வட்டாரத்தை வெல்வது கனவுதான். அப்படியானால் மலையகக் கட்சியில் போனால் கிடைப்பது வரிசையின் கடைசி இடம். தேசியக் கட்சி வட்டாரத்தைத் தருகிறது, அலை ஓய்ந்தால் அதுவும் வெறுங்கை. பட்டியலுக்காக முழுச் சபையிலும் வாக்குச் சேர்க்கும் சுயேச்சைக் குழுதான் இவர்களுக்குச் சரிவரும் என்பது என் எண்ணம். ஒரு நிபந்தனையோடு: அடுத்த வருட முடிவுக்குள் 23 பேரும் பெயரோடு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கௌரவமாகத் தேசியக் கட்சியோடு பேசி, வட்டாரத்தையும் சின்னத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

தோட்டத்தில் வேலை செய்யும் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "தலைவர் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது அண்ணே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் அவரோடு பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) நிற்கப் போவது இந்தத் தம்பிதான், நானில்லை.

தங்கச்சி கொப்பியைத் திருப்பி எண்ணத் தொடங்கினார். உறுதியாக வருகிறவர்கள் ஒன்பது பேர். பெண்கள் ஆறேழு பேராவது வேண்டும், இப்போது இருப்பது இவரோடு இரண்டு. முன்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மாரில் யார் யார் வருவார்கள் என்று விரல் மடித்துப் பார்த்தார். அப்புறம் போனில் தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். திங்கட்கிழமை லீவு போட்டுப் பதிவாளரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தார்கள்.